அக்கா இறங்கிய படகு

எங்கள் குப்பத்துப் பெண்கள் மீன் விற்போம், வலையில் சிக்கியதைப் பிரித்தெடுப்போம், ஏலத்தில் நின்று மல்லுக்கட்டுவோம். படகில் மட்டும் ஏற மாட்டோம். ஏறக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, ஏறுவதில்லை, அவ்வளவுதான். வருஷத்தில் ஒரே ஒரு நாள் அது மாறும்.

மாசி மாதத்தில், நீலாங்கரைக்குத் தெற்கே இருக்கும் ஒரு குப்பத்தில் அம்மன் திருவிழா. அது என் அம்மா பிறந்த இடம். கடைசி நாளன்று அந்த ஊர்க்காரர்கள் தங்கள் படகுகளை எல்லாம் கழுவிப் பெயின்ட் அடித்து, வாழைக்கன்று கட்டி, சாமந்திச் சரம் சுற்றி, கரையோரத் தண்ணீரில் வரிசையாக நிறுத்துவார்கள். மற்ற குப்பங்களில் இருக்கும் உறவுக்காரர்களும் படகை அலங்கரித்துக்கொண்டு கடல் வழியாகவே வந்து அந்த வரிசையில் சேர்ந்துகொள்வார்கள். அன்றைக்குப் பெண்களும் படகில் வர வேண்டும். அப்படி வந்து இறங்கும் பெண்களுக்கு அந்த ஊர்ப் பெண்கள் முழங்கால் தண்ணீரிலேயே எதிரே வந்து, மஞ்சள் கரைத்த செம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றி, வெற்றிலை பாக்குக் கொடுத்துக் கையைப் பிடித்துக் கரைக்கு அழைத்துப் போவார்கள். ரோட்டு வழியாக வருகிறவர்களுக்கும் சோறு உண்டு, உபசாரம் உண்டு. ஆனால் காலில் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள்.

எங்கள் குப்பம் பட்டினப்பாக்கத்தில், அடையாறு கடலில் சேரும் இடத்துக்கு வடக்கே. நான் கல்யாணமாகி ஆதம்பாக்கத்துக்குப் போய்விட்டேன். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையின் கணக்குப் பிரிவில் வேலை. என் அக்காவும் அண்ணனும் இன்னும் குப்பத்தில்தான். அக்காதான் மூத்தவள், அண்ணன் அவளுக்கு அடுத்தவர். அண்ணனிடம் ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. அக்கா கல்யாணமான கொஞ்ச நாளிலேயே திரும்பி வந்துவிட்டவள். எதற்காக என்று நாங்கள் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. அண்ணன் வீட்டோடு இருந்துகொண்டு, ரோட்டோரம் பெரிய குடை ஒன்றின் கீழே மீன் விற்கிறாள்.

அக்கா சாதாரணமாக அதிகம் பேசாதவள். மீன் வாங்க வருகிறவர்களிடம்கூட விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வாள். ஆனால் திருவிழாவன்று படகின் முனையில் போய் உட்கார்ந்தவுடன் அவள் வேறு ஆள். கரையில் தெரிகிற ஒவ்வொரு கட்டடத்தையும் கையை நீட்டிக் காட்டுவாள். "தோ பார்றி பாப்பா, நம்ம கொடை தெரியுது" என்பாள். குடை எங்கே தெரியப்போகிறது? அலை ஏறி இறங்கும்போது சின்னப் பெண் மாதிரி கத்துவாள். அண்ணி அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா இது, கீழ உய்ந்துடப் போறே" என்று திட்டிக்கொண்டே வருவாள். எனக்குத் தெரிந்து அக்கா தனக்கென்று ஆசைப்பட்டுச் செய்த காரியம் அந்த ஒரு பயணம்தான்.

அந்தப் பயணத்துக்கு ஆகும் செலவு வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனது. முதலில் டீசல். பிறகு டிராக்டர். முன்பெல்லாம் படகை மணலில் இருந்து கடலுக்குத் தள்ளவும், போன இடத்தில் மேலே இழுக்கவும் இளவட்டங்கள் கூட்டமாக வந்து நிற்பார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும். இப்போது அந்தப் பையன்கள் எல்லாம் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். படகை இழுக்க டிராக்டர்தான் வர வேண்டும். அது இங்கே ஒரு வாடகை, அங்கே ஒரு வாடகை. வெளியூர்ப் படகுகள் நிற்கவும், காவல் பார்க்கவும் என்று அந்த ஊரிலும் ஒரு தொகை கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கும் டிராக்டர்காரன் சும்மா வருவதில்லை. இதற்கு மேல் பூ, பெயின்ட், ஒரு நாள் தொழில் நஷ்டம். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் குப்பத்தில் இருந்து கிளம்பும் படகுகளைக் கரையில் நின்று எண்ணுவது ஒரு விளையாட்டு. இப்போது எண்ண வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குப்பத்துக்குப் போயிருந்தபோது அண்ணன் சொல்லிவிட்டார்.

"இந்தத் தபா படகு வேணாம்மா. பஸ்ல போய்க்கலாம். கட்டுப்படியாவல."

அண்ணி சரி என்றாள். அக்கா வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. எடுத்த மீனையே மறுபடியும் எடுத்து, செதில் இல்லாத இடத்தில் கத்தியை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான், எப்படியாவது படகைக் கிளப்ப வேண்டும் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அக்காவை நினைத்துத்தான் என்று இப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பிடும்போது, எனக்குப் பக்கத்து மேஜையில் வேலை பார்க்கிறவளிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் மயிலாப்பூர்க்காரி, மாட வீதிக்குப் பக்கத்தில் வீடு. வெகுநாள் சிநேகிதம். அவள் தயிர் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "கடல்லேயே நீலாங்கரை வரைக்குமா? எங்களையும் அழைச்சிண்டு போயேன். டீசல், டிராக்டர் எல்லாம் நாங்க பாத்துக்கறோம். எங்காத்துக்காரர் ஒத்தக் கால்ல நிப்பார்" என்றாள். அவள், அவள் புருஷன், அவள் தங்கை, மூன்று பேர்.

கேட்டதும் எனக்குச் சந்தோஷம்தான். என்னுடைய பங்குக்கு ஒன்றைச் செய்து முடித்துவிட்ட மிதப்பு. சாயங்காலமே போனில் அண்ணனிடம் சொன்னேன்.

"வெளியாளுங்கள ஏத்துனா போலீசு கேள்வி கேக்கும்."

"சொந்தக்காரங்கன்னு சொல்லிக்கலாம்ண்ணா."

"யாரு, அய்யிரு வூட்டு ஆளுங்களையா?" என்று சிரித்தார். சிரித்தாலே அவர் பாதி ஒத்துக்கொண்ட மாதிரி. முட்டுக்காட்டில் படகு ஓட்டும் ஒரு சிநேகிதனிடம் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கினார். "ஆனா ஒண்ணு. அளவாத்தான் ஏத்துவேன். என் படகு தாங்குறதுக்கு மேல ஒரு ஆளக்கூட ஏத்த மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். அண்ணன், அவரோடு கடலுக்குப் போகும் கூட்டாளி, அம்மனுக்குத் தட்டு தூக்கிப்போக அண்ணி, அக்கா, நான், விருந்தாளிகள் மூன்று பேர். சரியாக இருந்தது. என் கணவர் பைக்கில் வருவதாகச் சொல்லிவிட்டார். அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது.

அக்காவிடம் படகு போகிறது என்று சொன்னபோது, "அப்படியா" என்றாள். அன்று ராத்திரி அண்ணி போன் செய்து, "உங்க அக்கா பெட்டிய எறக்கி வச்சிகினு, எந்தப் பொடவ கட்டிக்கிறதுன்னு பாத்துகினு கீது" என்று சிரித்தாள்.

திருவிழாவன்று விடிந்ததும் கரைக்கு வந்தோம். டிராக்டர் படகைத் தள்ளிவிட்டுப் போயிருந்தது. படகு இடுப்பளவுத் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. கூட்டாளி கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றார். அண்ணி தட்டோடு ஏறினாள். அக்கா பச்சைப் புடவையில், தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, தண்ணீரில் இறங்கி நடந்து போய் ஏறி, வழக்கம்போல முனையில் உட்கார்ந்தாள். நான் விருந்தாளிகளுக்காகக் கரையில் காத்திருந்தேன்.

ஆட்டோ வந்து நின்றது. என் சிநேகிதி இறங்கினாள், புருஷன் இறங்கினார், தங்கை இறங்கினாள். பிறகு ஒரு பெரியம்மாவும் இறங்கினார். ஒல்லியாக, மூக்குக் கண்ணாடியோடு, கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு.

"அம்மா," என்றாள் சிநேகிதி. "காத்தால எழுந்து குளிச்சிட்டு, நானும் வரேன்னு ரெடியா உக்காந்துண்டிருந்தா. வேண்டான்னு சொல்ல மனசு வரலை. ஒருத்தர்தானே? கஷ்டமா இருக்குமா?"

கஷ்டமாக இருக்கும் என்று நான் அப்போதே, அங்கேயே சொல்லியிருக்கலாம். "அண்ணன்கிட்ட கேட்டுப் பாக்கலாம்" என்று சொன்னேன். எல்லோருமாகத் தண்ணீரோரம் போனோம். அண்ணன் படகில் இருந்தபடியே எண்ணிப் பார்த்தார். முகம் இறுகியது.

"முடியாதும்மா. அலயத் தாண்டணும். யாராச்சும் ஒருத்தர் எறங்கணும்."

யாரையும் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பிறகு ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பினார்.

அண்ணன் என்னிடம் என்ன எதிர்பார்த்தார் என்று அப்போதே எனக்குத் தெரியும். நான் இன்னும் ஏறக்கூட இல்லை, காலில் தண்ணீர்கூடப் படவில்லை. "நான் பஸ்ல வரேன்" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் மனசுக்குள் நியாயங்கள் கடகடவென்று ஓடி வந்தன. இவர்களுக்கு என்னைத் தவிர யாரையும் தெரியாது. நான் இல்லாமல் எப்படி இவர்களை அனுப்புவது? எல்லாம் சரியான நியாயங்கள்தான். அவற்றுக்கு அடியில், எனக்கும் வருஷத்தில் இந்த ஒரு நாள்தானே என்பதும் இருந்தது. சிநேகிதியின் புருஷன், "நான் வேணா கார் புடிச்சு வந்துடறேனே" என்று ஆரம்பித்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீரில் சத்தம் கேட்டது. அக்கா குதித்திருந்தாள்.

இடுப்பு வரை நனைந்தபடி நடந்து வந்து, "நான் பஸ்ல வந்துடறேன். எனக்கு பஸ்ஸு இன்னா புதுசா?" என்றாள். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் பெரியம்மாவின் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் நடத்திக் கூட்டிப்போய், "பாத்து, கால இங்க வைங்கம்மா, பயப்படாதீங்க, தம்பி கைய புடிச்சிக்குவான்" என்று இடுப்பைத் தாங்கி மேலே ஏற்றிவிட்டதும் அவள்தான். பெரியம்மா ஏறி உட்கார்ந்த இடம் அந்த முனை. வேறு இடம் இல்லை.

நான் ஏறும்போது அக்கா பக்கத்தில் நின்றாள். "அக்கா" என்றேன்.

"ஏறுடி. நேரமாவுது."

இன்ஜின் சத்தம் கிளம்பியது. முதல் அலையில் படகு நிமிர்ந்து விழுந்தபோது எல்லோரும் கத்தினார்கள். அலையைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். பச்சைப் புடவை, மணலில் குனிந்து முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தது.

அந்தப் பயணத்தை நான் வெறுத்திருந்தால் இன்றைக்கு இவ்வளவு உறுத்தாது. காலை வெயில் தண்ணீரில் தகதகவென்று கிடந்தது. அடையாறு முகத்துவாரத்தைத் தாண்டினோம். அங்கே பாதியில் நிற்கும் உடைந்த பாலம் பின்னால் போயிற்று. பெசன்ட் நகர்க் கரையில் நடக்க வந்தவர்கள் எறும்பு மாதிரி தெரிந்தார்கள். சிநேகிதியின் புருஷனுக்குக் குமட்டிக்கொண்டு வந்து, படகின் விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அவள் அவர் முதுகைத் தடவிக்கொண்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டும் இருந்தாள். பெரியம்மாவோ முனையில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியில் தெறிக்கும் தண்ணீரைத் துடைக்கக்கூட மறந்து கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருவான்மியூர் வந்துடுத்தா?" என்று அண்ணனைக் கேட்டார்.

"தோ, அந்தப் பக்கந்தாம்மா. கோபுரம் தெரியாது. கட்டடம் மறைச்சிகினு கீது."

"ஒரு நிமிஷம் நிறுத்த முடியுமாப்பா? சுவாமியை இங்கேர்ந்து ஒரு தடவை சேவிச்சுக்கறேன்."

அண்ணன் யாருக்காகவும் நடுவில் இன்ஜினை அணைக்கிறவர் இல்லை. அன்றைக்கு அணைத்தார். திடீரென்று அவ்வளவு அமைதி. தண்ணீர் படகின் பக்கத்தில் தட்டும் சத்தம் மட்டும். பெரியம்மா கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். கண் திறந்தபோது அழுதிருந்தார். "எழுபது வயசாச்சு. பீச்சுக்கு ஆயிரம் தடவை போயிருக்கேன். இங்கேர்ந்து ஊரைப் பாக்கற பாக்கியம் இன்னிக்குத்தான் கிடைச்சுது. உங்காத்து மனுஷாளை மறக்கவே மாட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கை சில்லென்று இருந்தது. எனக்கு அவர் மேல் கோபம் வர வேண்டும் என்று தேடிப் பார்த்தேன். வரவில்லை. கோபம் வந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

தூக்கில் இருந்து அவர் எல்லோருக்கும் இட்லி கொடுத்தார், மிளகாய்ப்பொடி தடவியது. கடைசியாக இலையில் மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்து, "இது இறங்கினாளே, உங்க அக்கா, அவளுக்கு" என்று தனியாக வைத்தார்.

அந்தக் குப்பத்தை நெருங்கும்போது தூரத்தில் இருந்தே படகு வரிசை தெரிந்தது. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக, வாழைக்கன்றுகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. எங்கள் படகு வரிசையில் சேர்ந்தபோது கரையில் பறை அடித்தார்கள், வெடி போட்டார்கள். பெண்கள் செம்பும் தட்டுமாகத் தண்ணீரில் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவள் எங்கள் தாய்மாமன் மனைவி. அத்தை முதலில் அண்ணிக்கு ஊற்றினாள், பிறகு எனக்கு. பிறகு சிநேகிதிக்கும் அவள் தங்கைக்கும். பெரியம்மாவை இரண்டு பேராகத் தாங்கி இறக்கி, அவர் காலில் ஒரு செம்புத் தண்ணீரையும் ஊற்றினார்கள். யார், எவர் என்று கேட்கவில்லை. படகில் வந்தவர்கள், அவ்வளவுதான்.

ஊற்றி முடித்துவிட்டு அத்தை படகுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பெரியவ எங்கடி?"

"முட்டி வலிக்குதுன்னுச்சு அத்த. பஸ்ல வருது" என்றேன்.

வாயில் இருந்து அது வழுக்கிக்கொண்டு வந்தது. பக்கத்தில் அண்ணி தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள். அண்ணன் கயிறு கட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

அக்கா வந்து சேர அம்மன் தேர் கிளம்பிவிட்டது. திருவான்மியூரில் பஸ் மாறி, நீலாங்கரை தாண்டி இறங்கி, ஈ.சி.ஆர். ரோட்டில் இருந்து வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவளை நான்தான் முதலில் பார்த்தேன். புடவையின் கீழ்ப்பாதி காய்ந்து, உப்புப் பூத்து விறைத்து நின்றது. கனகாம்பரம் வாடியிருந்தது. நான் போவதற்குள் அத்தை போய்விட்டாள்.

"இன்னாடி, முட்டி வலியாமே? இந்த வயசுலயே முட்டி போச்சா? தங்கச்சி சொல்லிச்சு."

அக்கா அத்தையின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"ஆமாத்த," என்றாள். "முட்டிதான்."

சொன்னதற்குப் பொருத்தமாக, பந்தலுக்குப் போகும்போது லேசாக நொண்டிக்கூடக் காட்டினாள். அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. படையல் சோறு போட்டபோது என்னால் இரண்டு கவளத்துக்கு மேல் இறக்க முடியவில்லை. அக்கா நன்றாகச் சாப்பிட்டாள். பெரியம்மா கொடுத்த இட்லிப் பொட்டலத்தையும் பிரித்து, "மொளகாப்பொடி சூப்பரா கீது" என்று அண்ணிக்கும் ஒரு விள்ளல் கொடுத்தாள்.

விருந்தாளிகள் நாலு பேரும் திரும்பும்போது காரில் போய்விட்டார்கள். சிநேகிதியின் புருஷனால் மறுபடியும் படகைப் பார்க்கவே முடியவில்லை. அதனால் சாயங்காலம் படகில் இடம் இருந்தது. அக்காவை முனையில் உட்கார வைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடல் மழமழவென்று இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தேன். அவள் பஸ்ஸைப் பற்றிப் பேசினாள். பக்கத்து சீட்டில் ஒரு முஸ்லிம் பெண், தையல் கடை வைத்திருக்கிறவளாம், அக்காவின் ஈரப்புடவையைப் பார்த்துவிட்டுத் தன் துப்பட்டாவைக் கொடுத்து முட்டியில் போட்டுக்கொள்ளச் சொன்னாளாம். "நல்ல பொம்பளடி. எறங்கறப்ப திருப்பிக் குடுத்தேன், வாங்க மாட்டேனுச்சு" என்று இடுப்பில் செருகியிருந்த துப்பட்டாவைக் காட்டினாள். திருவான்மியூர் தாண்டுவதற்குள் என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். பட்டினப்பாக்கம் வரும் வரை எழுந்திருக்கவில்லை. ஒரு கட்டடத்தைக்கூடக் காட்டவில்லை. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

போன வருஷம் நான் என் சம்பளத்தில் டீசலைப் போடுகிறேன், நம் வீட்டு ஆட்கள் மட்டும் போகலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா, காசு குடுத்து சரி பண்றியா?" என்றார். அதற்குள் சிநேகிதியின் உறவுக்காரர்கள், அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று அவருக்கே நேராகப் போன் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். படகு நிறையப் பேர் வந்தார்கள். செலவு போக மிச்சமும் வந்தது. அதில் வீட்டுக் கூரைக்குப் புது ஷீட் போட்டார்கள். அண்ணி மட்டும் தட்டோடு படகில் போனாள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி நான் போகவே இல்லை. அக்கா தனியாக பஸ்ஸில் போய் வந்தாள்.

இந்த வருஷம் நானும் அக்காவோடு பஸ்ஸில் போனேன். படகு கிளம்புவதைக் கரையில் நின்று பார்த்தோம். புதுசாக வந்தவர்கள் ஆளுக்கொரு போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முனையில் ஒரு இளம்பெண், காற்றில் கூந்தல் பறக்க, கத்திக்கொண்டே போனாள். அக்கா கையாட்டினாள். அந்தப் பெண்ணும் கையாட்டினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அக்காவை அங்கே உட்கார வைத்தேன். அடையாறு தாண்டும்போது, இரண்டு வருஷமாக வாய்க்குள்ளேயே கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு நான் எறங்கி இருக்கணும். நீ இல்ல."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"நான் எறங்கலன்னா நீ எறங்கி இருப்பியா?"

கோபமாகக் கேட்கவில்லை. மீன் விலை கேட்கிற மாதிரி, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவளிடம் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை.

"தெரியலக்கா."

"அதான். எனக்கும் தெரியல. நின்னு பாத்துகினு இருந்து, நீ எறங்காம போயிருந்தா எனக்கு மனசு வுட்டுப் போயிருக்கும். அதுக்குத்தான் குதிச்சேன்."

கண்டக்டர் வந்தார். அக்கா எனக்கும் சேர்த்து டிக்கெட் கேட்டாள். பெண்களுக்கு இலவசம் என்றாலும் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார்கள். வாங்கி இரண்டையும் பர்சில் வைத்தாள். நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போன பிறகு அவள் என் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "திருவான்மியூர்ல எறங்கி டீ குடிச்சிட்டுப் போலாம்டி. நமக்கு இன்னா அவசரம்?" என்றாள்.